இன்னொரு முறை சொல்லுங்கள்: வணிகத் தொலைபேசி ஆங்கிலமும் கேட்பவரின் உரிமையும்

கேள்வி

திருப்பூரின் நேரடி ஏற்றுமதி 1978இல் தொடங்கியதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வணிகர்கள் வழியாக ஊரைப் பற்றி அறிந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்த ஆண்டு அது. 1981இல் நெதர்லாந்தில் பிறந்த சி அண்ட் ஏ நிறுவனம் வந்தது. உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் ஐரோப்பாவுக்கு உடுப்புத் தைக்கத் தொடங்கியதன் பின்னிருந்த முதலீடு, உழைப்பு, சாதி உறவு, சாயக்கழிவு ஆகியவை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் உழைத்த கவுண்டர்கள் நிறுவன உரிமையாளர்களாக உயர்ந்த விதத்தைச் சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். இந்த வரலாற்றில் மொழிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. இத்தனைக்கும் அந்த முதல் பேரத்திலேயே ஆங்கிலம் இருதரப்புக்கும் கற்ற மொழிதான். இன்று ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் நிறுவன ஊழியர், ஜெர்மானிய, ஸ்பானிய அல்லது டச்சு பையருடன் (வாங்குநருடன்) பேசும்போதும் அந்த அழைப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவரும் இல்லாதிருப்பது சாதாரணம்.

அத்தகைய அழைப்பில் தவறு நேர்ந்தால் பழி பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் விழுகிறது: ‘நம்ம பையனுக்கு இங்கிலீஷ் பத்தாது.’ இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பதினைந்தாயிரம் உருப்படி என்று சொன்னது ஐம்பதாயிரமாகக் கேட்டால் குறை பேசியவரின் நாக்கிலா, கேட்டவரின் காதிலா, இடையிலுள்ள இணைப்பிலா, அல்லது இருவரும் அமர்ந்திருக்கும் நாற்காலிகளின் உயர வேறுபாட்டிலா? கடைசி இரண்டுக்கும் நாம் உரிய கவனம் தரவில்லை என்பது என் வாதம். தொலைபேசியில் வணிகம் செய்யும் பிறமொழியாளருக்கு முதன்மையாகத் தேவைப்படுவது சரியாகக் கேட்காததை மீண்டும் கேட்கும் உரிமை. அந்த உரிமையைத் தனிமனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் நிறுவனம் நடைமுறையாக்கித் தர வேண்டும்.

நிலவும் புரிதலும் அதன் ஊற்றுக்கண்ணும்

தொலைபேசி ஆங்கிலம் என்றதும் நமக்கு நினைவு வருவது கால் சென்டர். 1990களின் பிற்பகுதியில் குர்கானில் ஜி.இ. கேபிட்டல் போன்றவை தொடங்கிய சேவை மையங்கள் சில ஆண்டுகளுக்குள் சென்னை உட்படப் பல நகரங்களுக்கும் பரவின. அவற்றோடு ‘நடுநிலை உச்சரிப்பு’ என்ற பயிற்சிச் சரக்கும் பரவியது. குர்கான் மையமொன்றில் தாமே வேலைபார்த்து ஆராய்ந்த ஏ. அனீஷ், 2015இல் வெளிவந்த நூலில் இந்த நடுநிலையை விசாரணைக்கு உட்படுத்தினார். பேச்சிலிருந்து ஊரின் அடையாளத்தைத் துடைத்தெடுக்கும் முயற்சியாக அவர் அதைக் கண்டார். நடுநிலை என்றால் என்ன என்பதில் பயிற்றுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதை கிளேர் கௌவி 2007இல் எழுதிய கட்டுரை காட்டியது. கிரண் மிர்ச்சந்தானியின் 2012ஆம் ஆண்டு நூல், வாடிக்கையாளர் விரும்பும் ஆளாகத் தன்னை வார்த்துக்கொள்வதே தனியான ஓர் உழைப்பு என்று நிறுவியது. பிலிப்பைன்ஸ் மையங்களின் அழைப்புகளை ஆராய்ந்த கெயில் ஃபோரியும் ஜேன் லாக்வுட்டும் சிக்கல் உரையாடலை நடத்திச்செல்லும் விதத்தில் அதிகம் இருக்கிறது என்றும், இலக்கணமும் உச்சரிப்பும் சொல்லப்படும் அளவுக்குக் காரணமல்ல என்றும் கண்டார்கள்.

இந்த ஆய்வுகள் மதிப்புமிக்கவை. ஆனால் ஏற்றுமதி அலுவலகத்தின் தொலைபேசி கால் சென்டரின் தொலைபேசியைப் போன்றதன்று. கால் சென்டரில் எதிர்முனையில் இருப்பவர் முன்பின் தெரியாதவர், பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், ஒரே ஒருமுறை பேசுபவர். மெர்ச்சண்டைசர் பேசும் பையர் பல சீசன்களாகத் தெரிந்தவர், தாமும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர், அடுத்த வாரமும் அழைக்கப்போகிறவர். பேசப்படுவதில் பாதிக்குமேல் எண்களும் பெயர்களும்: ஸ்டைல் நம்பர், ஜி.எஸ்.எம்., சைஸ் ரேஷியோ, லேப் டிப்பின் (சாய மாதிரியின்) பேண்டோன் நிற எண், ஷிப்மென்ட் தேதி. பேண்டோனின் துணிநிற எண்ணில் ஆறு இலக்கங்கள் உண்டு; ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு நிறம். வாடிக்கையாளரின் மனத்தைக் குளிரவைக்கும் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட பயிற்சி இந்த வேலைக்குப் பெரிதும் உதவாது. ஆயினும் நம் ஊர்களின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் அதையே நகலெடுத்து விற்றுவருகின்றன.

மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்தபின் தொலைபேசிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எழுத்தில் முடிகிற விஷயம் எழுத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது உண்மை. ஃபோனை எடுப்பது எழுத்தில் முடியாதபோதுதான்: ஷிப்மென்ட் தாமதம், விலைத் தகராறு, சாயத்தில் ஷேடு மாறிய துணி, கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்பினால் அந்தச் செலவு யார் தலையில் என்ற கேள்வி. ஆக, தவறினால் அதிகம் இழக்கக்கூடிய பேச்சே தொலைபேசிக்கு வந்துசேர்கிறது.

இணைப்பு எதைக் கடத்துகிறது, எதை விழுங்குகிறது

பழைய தொலைபேசிக் கட்டமைப்பு மனிதக்குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டுமே கடத்தும்படி வகுக்கப்பட்டது. 1972இல் ஏற்கப்பட்ட ஜி.711 என்ற டிஜிட்டல் தரமும் இந்தப் பட்டைக்காகவே அமைந்தது. ஆங்கிலத்தின் ‘எஸ்’ ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. எனவே தொலைபேசியில் ‘எஸ்’, ‘எஃப்’ என்ற இரண்டு எழுத்துப் பெயர்களைப் பிரித்தறிவது இங்கிலாந்தில் பிறந்தவருக்கும் கடினம். இன்றைய வோல்ட்டி அழைப்பும் இணையவழி அழைப்பும் 7000 ஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலும் கடத்த வல்லவை. ஆனால் நாடுவிட்டு நாடு போகும் அழைப்பு வழியில் ஒரு பழைய கண்ணியைக் கடக்க நேர்ந்தால் மீண்டும் குறுகிவிடும். இணையவழியில் அசைகள் விழுங்கப்படுவது தனித் தொல்லை.

குறுகிய பட்டையிலும் இரைச்சலிலும் எந்த ஒலிவேறுபாடு தாக்குப்பிடிக்கிறது என்பதை ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா நைஸ்லியும் 1955இல் ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தின் 16 மெய்யொலிகளை இரைச்சலில் ஒலிக்கவைத்து, எது எதுவாகக் கேட்கிறது என்று பட்டியலிட்டார்கள். ஒலி பிறக்கும் இடம் உதடா, பல்லா, அண்ணமா என்ற வேறுபாடு விரைவில் அழிந்தது. குரல்நாண் அதிர்கிறதா இல்லையா என்ற வேறுபாடும் மூக்கொலி வேறுபாடும் வெகுதூரம் தாங்கின. ‘ப’வும் ‘த’வும் குழம்பும் நிலையிலும் ஆங்கிலத்தின் ‘பி’ வகையும் அதன் அதிர்வொலி இணையும் பிரிந்தே கேட்டன.

தமிழருக்கு இது முக்கியமான முடிவு. வல்லினத்தின் அதிர்வும் அதிர்வின்மையும் தமிழில் பொருளை மாற்றுவதில்லை. சொல்லின் முதலில் அதிராமலும் மெல்லினத்தை அடுத்து அதிர்ந்தும் அவை இடத்துக்கு ஏற்ப ஒலிக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை முழுமையாகக் காட்டாமல் போகலாம். போதாததற்கு ஆங்கிலத்தில் சொல்முதல் ‘பி’, ‘டி’, ‘கே’ ஒலிகளுடன் ஒரு மூச்சுக்காற்றும் சேர்ந்து வரும். இந்தியர் பெரும்பாலும் அதை விட்டுவிடுவதால், அந்த மூச்சுக்காற்றை எதிர்பார்க்கும் காதுக்கு அவை அதிர்வொலிகளாகப் படலாம். விளைவு, பையர் ‘பேக்’ என்று கேட்பது பொதியா, பையா, முதுகுப்பகுதியா என்பது சூழலை வைத்தே தெரியும். குறுகிய இணைப்பு எந்த ஒலிவேறுபாட்டைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்குமோ, அதையே நாம் தெளிவாக அனுப்புவதில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்கு உண்மையான வேலை இருக்கிறதென்றால் இந்தச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது.

காதின் பக்கமும் பார்க்க வேண்டும். பேசுபவரின் உதட்டைப் பார்ப்பது இரைச்சலில் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை 1954இலேயே சம்பியும் பொல்லாக்கும் அளந்து காட்டினார்கள். இரைச்சல் கூடக்கூட முகத்தின் பங்கும் கூடியது. தொலைபேசி அந்த முகத்தை எடுத்துவிடுகிறது. 1997இல் மேயோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: ஆறு வயதுக்கு முன் ஆங்கிலம் பழகியவர்களைவிடப் பதினான்கு வயதுக்குப் பின் கற்றவர்கள் இரைச்சலில் ஆங்கிலம் கேட்கக் கூடுதலாகத் திணறினார்கள். அமைதியான அறையில் தேர்ச்சியுடன் பேசுபவர்கூட இரைச்சல் சேர்ந்தவுடன் பின்தங்கலாம் என்பதே இதன் பொருள். ஜெர்மனியில் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே கோடையில் பிற்பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. தையல் வரிசைகள் முழுவேகத்தில் ஓடும் நேரம் அது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று பேசும் மெர்ச்சண்டைசரின் காதில் பவர் மெஷின்களும் விழுகின்றன, பையரும் விழுகிறார். நேர்முகத்தேர்வில் அவர் பேசிய ஆங்கிலத்தை இந்த நிமிடத்தின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு ‘பத்தாது’ என்பது நியாயமில்லை.

டென்மார்க்கிலிருந்து ஒரு சான்று

பிறமொழியாளர் இருவர் ஆங்கிலத்தில் வணிகம் பேசும் தொலைபேசி உரையாடல்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஆலன் ஃபர்த். டேனிஷ் நிறுவனங்களின் ஏற்றுமதி மேலாளர்கள் வெளிநாட்டு வாங்குநர்களுடன் பேசியவற்றைப் பதிவுசெய்து அவர் 1996இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதில் ஒரு நிகழ்வு நம் கேள்விக்கு மையமானது. அரபு நாடொன்றைச் சேர்ந்த வாங்குநர், சுங்கத்தில் பாலாடைக்கட்டிக்கு ஏதோ நேர்ந்ததால் அடுத்த சரக்கை அனுப்ப வேண்டாம் என்கிறார். என்ன நேர்ந்தது என்பதைக் குறிக்க அவர் ஆளும் ஆங்கிலச் சொல் அந்தப் பொருளில் வழங்காதது. டேனிஷ் மேலாளருக்கு அது புரியவில்லை. புரிந்ததுபோல ஆமோதித்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். ஆர்டரை இனி என்ன செய்வது என்ற கட்டம் வந்ததும் தப்ப வழியில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்போது கேட்கிறார். சுங்கத்தின் குளிரறையில் பாலாடைக்கட்டி புளித்துக் கெட்டுவிட்டது என்று விளக்கம் வருகிறது. பேச்சு சீராகத் தொடர்கிறது.

முதலில் செய்ததை ‘விட்டுச்செல்லுதல்’ என்ற உத்தியாக ஃபர்த் விளக்குகிறார். புரியாத ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்டால் பேச்சு நகராது. பல சமயம் பின்னால் வருவதை வைத்து முன்னால் வந்தது தானே விளங்கிவிடும். இருவரும் ஒருவர் மொழிப்பிழையை ஒருவர் பொருட்படுத்தாமல் உரையாடலை ‘இயல்பான’ ஒன்றாகவே நடத்திச்செல்கிறார்கள் என்பது அவர் அழுத்திச் சொல்லும் கருத்து. குறையுள்ள ஆங்கிலம் என்ற பார்வையிலிருந்து ஆராய்ச்சியை விடுவித்த கருத்து அது. அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் இந்த எடுத்துக்காட்டை நான் சற்று வேறுவிதமாக வாசிக்கிறேன். டேனிஷ் மேலாளர் கடைசியில் கேட்டார், கேட்க முடிந்தது. அவர் விற்பனையாளர்தான், ஆனால் தம் நிறுவனத்தின் சார்பில் முடிவெடுக்கும் மேலாளர். கேட்டதனால் அவருடைய மதிப்பு குறையப்போவதில்லை. அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத, வீட்டின் முதல் பட்டதாரியான ஓர் இளைஞரை வைத்துப்பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரின் ஒரு மின்னஞ்சல் அவருடைய முதலாளிக்குப் போகும். பக்கத்து மேசையில் மூத்த மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே விட்டுச்செல்லுதல் உத்தியாகத் தொடங்கி ஒளிந்துகொள்ளுதலாக முடியக்கூடும். ஃபர்த்தின் விளக்கத்தில் உத்தி தெரிகிறது, அதைக் கையாள்பவரின் பதவி தெரிவதில்லை.

கேட்பது எல்லோர்க்கும் பொது

‘என்ன?’, ‘யாரு?’, ‘எத்தனைன்னு சொன்னீங்க?’ என்று கேட்பது மொழி தெரியாதவரின் அடையாளம் என்ற எண்ணத்தை உடைக்கும் ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. மார்க் டிங்கமான்சேயும் குழுவினரும் ஐந்து கண்டங்களைச் சேர்ந்த 12 மொழிகளில், வீட்டிலும் ஊரிலும் நடந்த சாதாரணப் பேச்சுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். எல்லாரும் தத்தம் தாய்மொழியில், தெரிந்தவர்களுடன், முகம்பார்த்துப் பேசினார்கள். அப்படியிருந்தும் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் மற்றவரை நிறுத்தி விளக்கம் கேட்டார். முகம் தெரியாத தொலைபேசியில், கற்ற மொழியில், எண்கள் நிறைந்த பேச்சில் பத்து நிமிடம் ஒருமுறைகூட எதையும் திரும்பக் கேட்காத ஊழியர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று நம்புவதற்கு இடமே இல்லை. அந்த மௌனத்தைக் கண்டு முதலாளி கவலைப்பட வேண்டும்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு பயிற்சிக்கு நேரடியாகப் பயன்படும். கேட்பவர்கள் தங்களால் இயன்ற அளவு குறிப்பான கேள்வியையே தேர்ந்தெடுத்தார்கள். ‘என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் சொன்னவர் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டும். ‘நேவி புளூவில் எத்தனை உருப்படி?’ என்று கேட்டால் ஒரே ஓர் எண் போதும். மற்றதெல்லாம் புரிந்துவிட்டது என்பதும் அதில் அடங்கிவிடும். பிறமொழியாளருக்கு ‘பார்டன்’, ‘சாரி’ என்ற பொதுச் சொற்களைக் கற்றுத்தருகிற புத்தகங்கள் மிகப் பலவீனமான கருவியை அவர் கையில் கொடுக்கின்றன. இரண்டு முறைக்குமேல் ‘பார்டன்’ சொல்ல யாருக்கும் வாய் வராது. குறிப்பான கேள்விகளை எத்தனை முறையும் கேட்கலாம்.

மரியாதையின் விலை

மரியாதை பற்றிய மொழியியல் கோட்பாடுகளில் உலகெங்கும் மிகுதியாகப் பேசப்படுவது பெனெலபி பிரௌனும் ஸ்டீஃபன் லெவின்சனும் வகுத்தது. 1978இல் கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வந்த அந்த ஆய்வு மூன்று மொழிகளை ஆதாரமாகக் கொண்டது. அவற்றுள் ஒன்று தமிழ். லெவின்சன் அதற்கான களப்பணியைச் செய்தது அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். திருப்பூர் 2009 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மற்றவரின் முகத்துக்கு ஊறு விளைவிக்கக்கூடிய செயல்களைப் பேச்சில் எப்படித் தணிக்கிறோம் என்பது அவர்களுடைய கேள்வி. அந்த ஊறின் கனத்தை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள்: இருவருக்குமிடையே உள்ள தொலைவு, அதிகார ஏற்றத்தாழ்வு, கோரும் காரியத்தின் சுமை.

‘நீங்கள் சொன்னது புரியவில்லை’ என்பதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். தொலைவு அதிகம், அதிகாரம் எதிர்முனையில், அவரைத் திரும்பச் சொல்லவைப்பது அவருடைய பேச்சு தெளிவாக இல்லை என்று குறைகூறுவது போலவும் படும். கொங்கு நாட்டு மரியாதையில் வளர்ந்தவர் இதைத் தவிர்ப்பது பண்பாட்டின்படி நியாயமே. அவர் செய்வது என்ன? ‘ம்… ஓகே சார்… ஓகே ஓகே’ என்று கேட்டுக்கொண்டிருப்பதற்கான அடையாளத்தைத் தொடர்ந்து தருகிறார். தமிழ்ப் பேச்சில் இது காது இங்கேதான் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இது இல்லாவிட்டால் பேசுபவர் ‘லைன்ல இருக்கீங்களா?’ என்று கேட்டுவிடுவார். எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வொரு ‘ஓகே’யையும் சம்மதமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 20ஆம் தேதி ஷிப்மென்ட்டுக்கு ஒப்புக்கொண்டீர்களே என்று பிறகு மின்னஞ்சல் வருவது இப்படித்தான்.

இத்தகைய சிறு அடையாளங்கள் எவ்வளவு பெரிய மனத்தாங்கலாக வளரும் என்பதை ஜான் கம்பர்ஸ் 1982இல் எழுதிய நூலில் காட்டியிருக்கிறார். பிரிட்டிஷ் விமானநிலைய ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறினார்கள். குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்கு அவர்கள் ‘கிரேவி’ என்ற ஒரே சொல்லை இறங்கும் குரலில் சொன்னார்கள். அங்கே அதைக் கேள்வியாக உணர்த்த குரல் ஏற வேண்டும். இறங்கிய குரல் சாப்பிடவந்த ஆங்கிலேயர்களுக்கு முரட்டுத்தனமாகப் பட்டது. அந்தப் பெண்களோ தங்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று எண்ணினார்கள். பதிவை இருதரப்பும் சேர்ந்து கேட்டபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. இருதரப்பையும் உட்காரவைத்ததுதான் இதில் நான் கவனிப்பது. நம் பயிற்சிகளில் பையர் தரப்பு எப்போதும் வகுப்புக்கு வெளியே இருக்கிறது.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது

தொலைபேசியில் ‘ஓகே’ சொல்வது வெறும் பேச்சு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அகமதாபாத்திலிருந்து தொலைபேசியில் கேட்கப்பட்டு, காம்காவ் ஊரிலிருந்து தொலைபேசியிலேயே ஏற்கப்பட்ட பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரம் குறித்த பகவான்தாஸ் கேடியா வழக்கில் உச்சநீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. தொலைபேசி ஒப்பந்தம், ஏற்புச்சொல் எங்கே கேட்கப்படுகிறதோ அங்கே உருவாகிறது என்பது பெரும்பான்மை முடிவு. பேசுவதைவிடக் கேட்பதே ஒப்பந்தத்தை முடித்துவைக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

இந்த முடிவுக்கு முன்னோடியான 1955ஆம் ஆண்டின் என்டோர்ஸ் வழக்கில் ஆங்கிலேய நீதிபதி டென்னிங் தொலைபேசி பற்றி ஒரு நிலையை எடுத்துப் பேசினார். ஏற்புச்சொல் சரியாகக் காதில் விழாமலும் அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்காமலும் இருந்தவர், தமக்கு அது வந்துசேரவில்லை என்று பின்னால் வாதாட முடியாது. கேட்காதது அவருடைய தவறு. சட்டத்தின் கண்ணில் திரும்பக் கேட்பது கேட்பவரின் பொறுப்பாகிறது. சமமான இரு வணிகர்களுக்கு இது நியாயமான விதி. ஆனால் தயக்கமின்றித் திரும்பக் கேட்கக்கூடிய ஒருவரை இது முன்னனுமானம் செய்கிறது. அந்தத் தயக்கத்தை நீக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை இதனாலேயே வலியுறுத்துகிறேன்: பிழையின் செலவை டெபிட் நோட்டாகச் சுமக்கப்போவது அந்த நிறுவனம்தான்.

வானொலியில் இதற்கு விடை கண்டவர்கள்

கற்ற மொழியில், முகம் தெரியாமல், எண்களைப் பேசும் இன்னொரு தொழில் விமானப் போக்குவரத்து. 1956இல் நடைமுறைக்கு வந்த ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ எழுத்துப்பெயர் வரிசை பல மொழிக்காரர்களின் வாயிலும் காதிலும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘ஆல்ஃபா’வின் அதிகாரபூர்வ எழுத்துக்கோப்பில் வழக்கமான ‘பிஎச்’சுக்குப் பதிலாக ‘எஃப்’ வைக்கப்பட்டதும் பிறமொழியாளரை எண்ணித்தான். எண்களை அங்கே பெரும்பாலும் இலக்கம் இலக்கமாகவே சொல்கிறார்கள்: ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஒன்பது ‘நைனர்’ ஆகிறது, ஐந்துடன் மயங்காதிருக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்ற அனுமதியை விமானி திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். அது சரியா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கே திரும்பச் சொல்வது விதி. அனுபவசாலியும் புதியவரும் ஒன்றுபோல அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

இந்த விதிகளுக்குப் பின்னால் உயிரிழப்புகள் இருக்கின்றன. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். டச்சு விமானியும் ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரும் ஆங்கிலத்தில் பரிமாறிய தெளிவற்ற சொற்றொடர்கள் காரணங்களுள் ஒன்று. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் மடிந்தார்கள். நீதிபதி லஹோத்தியின் விசாரணை கஜகஸ்தான் விமானக்குழுவின் போதாத ஆங்கிலத்தையும் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் மொழித்தகுதி விதிகளை ஏற்று 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் கையேடு, நிதானமாகவும் எளிமையாகவும் பேசும் பொறுப்பை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மீதும் சுமத்தியது.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. வானில் சொல்ல வேண்டியவை சில நூறு வாக்கியங்களுக்குள் அடங்கும். விலை பேசுவதும் சமாதானம் சொல்வதும் அப்படி அடங்காது. பேரம் பேசும்போது இலக்கம் இலக்கமாகப் பேசினால் உறவு வறண்டுவிடும். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் உறவுப் பேச்சு ஒரு பகுதி, எண்ணும் தேதியும் ஒரு பகுதி. இரண்டாவது பகுதிக்கு மட்டும் வானொலியின் ஒழுங்கைக் கடன்வாங்க எந்தத் தடையும் இல்லை.

உச்சரிப்பு பொருட்டே இல்லையா

சிக்கலின் வேர் உச்சரிப்பில்தான் இருக்கிறது என்ற வலுவான எதிர்வாதத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். மன்றோவும் டெர்விங்கும் 1995இல் நடத்திய ஆய்வில், சீன மொழியாளர்களின் ஆங்கிலத்தை ‘அந்நிய உச்சரிப்பு மிகுந்தது’ என்று மதிப்பிட்ட அதே கேட்பவர்கள் அந்த வாக்கியங்களில் பலவற்றைப் பிழையின்றி எழுதிக்காட்டினார்கள். உச்சரிப்பின் கனமும் புரியும் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இது தெளிவான சான்று. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூலில், பிறமொழியாளர்களுக்குள் பேச்சு முறியக் காரணமானவை சில கூறுகளே என்று பிரித்துக்காட்டினார்: உயிரொலிகளின் நீளம், சொல்முதல் வல்லினத்தின் மூச்சுக்காற்று, மெய்ம்மயக்கங்கள், வாக்கிய அழுத்தம். ‘தட்’, ‘திங்க்’ போன்ற சொற்களின் முதலொலியைப் பல்லிடையே நாக்கை நீட்டி ஒலிக்கப் பழக்குவதில் நம் வகுப்புகள் செலவிடும் மணிநேரங்களுக்கு இதில் ஆதாரமில்லை.

எதிர்ப்பக்கம் டொனால்ட் ரூபினின் 1992ஆம் ஆண்டு சோதனை நிற்கிறது. ஒரே ஒலிப்பதிவை ஒரு பிரிவினருக்கு வெள்ளைக்காரரின் படத்துடனும் மற்றொரு பிரிவினருக்கு ஆசியரின் படத்துடனும் ஒலிக்கவைத்தார். ஆசியப் படத்தைப் பார்த்தவர்களில் பலருக்கு இல்லாத அந்நிய உச்சரிப்பு கேட்டது. பாடம் மனத்தில் பதிந்த அளவும் குறைந்தது. பேசுபவர் என்ன செய்தாலும் கேட்பவரின் முற்கோள் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதை மறுக்க இயலாது. உச்சரிப்பை மாற்றினால் இந்த முற்கோளிலிருந்து தப்பலாம் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. சனாஸ் நிறுவனத்தின் மென்பொருள் இந்திய ஊழியரின் குரலைப் பேசப்பேசவே அமெரிக்கக் காதுக்கு ஏற்ப மாற்றுகிறது. டெலிபெர்ஃபார்மன்ஸ் அதை இந்திய ஊழியர்களுக்குப் பயன்படுத்துவது 2025இல் செய்தியானது. கால் சென்டருக்கு அது இலாபம் தரலாம். ஏற்றுமதி அலுவலகத்தின் சிக்கல் அதனால் தீராது. கேட்காத எண்ணை எந்த மென்பொருளும் ஊழியருக்காகத் திரும்பக் கேட்காது. ஒருவரின் குரலிலிருந்து அவருடைய ஊரை அழிப்பதைத் தீர்வு என்று அழைக்க நான் உடன்படவில்லை.

யார் என்ன செய்ய வேண்டும்

முதல் கடமை உரிமையாளர்களுடையது. அழைப்பு முடிவதற்குள் அளவு, விலை, தேதி, நிற எண் நான்கையும் இலக்கம் இலக்கமாகத் திரும்பப் படிப்பது எங்கள் நிறுவனத்தின் விதி என்று பையருக்கு முதல் சந்திப்பிலேயே எழுதித் தெரிவித்துவிடுங்கள். விதி என்று ஆனபின் திரும்பக் கேட்கும் இளைஞர் அறியாதவராகத் தோன்றமாட்டார். ஒழுங்காக வேலைசெய்பவராகத் தோன்றுவார். ஐரோப்பிய பையருக்கு இது வசதியே, அவரும் கற்ற மொழியில்தான் பேசுகிறார். அழைப்பு முடிந்த அரைமணி நேரத்துக்குள் பேசியதை ஐந்து வரியில் எழுதி அனுப்புவதும் இதே விதியின் பகுதியாகட்டும். பேசுவதற்கு இரைச்சலில்லாத ஓர் அறையும் நல்ல ஹெட்செட்டும் ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைவிடப் பயன் தரும் என்பதை மேலே கண்ட சான்றுகளே சொல்கின்றன. ‘ஓகே’ என்று தலையாட்டியதற்காக அல்லாமல், கேட்டதற்காக ஓர் ஊழியரை எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை பாராட்டுங்கள். அலுவலகத்தின் காற்று மாறும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மெர்ச்சண்டைசிங், வணிகவியல் மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடத்தில் கேட்டல் என்றால் ஒலிநாடாவைக் கேட்டு விடை எழுதுவதாகவே இருக்கிறது. எதிரில் இருப்பவரை நிறுத்தி விளக்கம் கேட்கும் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை. மாணவர்களை முதுகுக்கு முதுகாக உட்காரவைத்து, பக்கத்தில் இயந்திர இரைச்சலை ஓடவிட்டு, ஓர் ஆர்டரின் விவரத்தை வாய்மொழியாக மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். பிழையில்லாத ஆர்டருக்கும் குறிப்பான கேள்விகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். இலக்கணப் பிழைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

இதை வாசிக்கும் இளம் மெர்ச்சண்டைசர் யாரேனும் இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. பையர் வேகமாகச் சொன்ன எண்ணை உங்களால் பிடிக்க முடியாமல் போனால் அதற்கு உங்கள் ஆங்கிலம் மட்டும் காரணமல்ல. உடனே நிறுத்தி, எந்த எண் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.